முன்னால் போனவர்கள்

ருவாண்டாவின் வடக்கு ஓரத்தில், எரிமலைகளின் அடிவாரத்தில் கினிகி என்றொரு ஊர். மலைக் கொரில்லாவைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் காலை ஏழு மணிக்கு அங்கே கூடுகிறார்கள். அவர்களை எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு வழிகாட்டியைக் கொடுத்து, இன்ன கூட்டத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். வந்தவர்கள் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே வேறு சிலர் காட்டுக்குள் வெகுதூரம் போயிருப்பார்கள். தடம் பார்ப்பவர்கள். கொரில்லாக்கள் இரவுதோறும் இலைதழையை மடக்கிப் புதிய படுக்கை போட்டுக்கொள்கின்றன. நேற்று கூட்டத்தை எங்கே விட்டுவிட்டு வந்தார்களோ அங்கிருந்து இவர்கள் தொடங்குவார்கள். மிதிபட்ட செடி, கடித்துத் துப்பிய தண்டு, எச்சத்தின் ஈரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் இரவுப் படுக்கைகளைக் கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து கூட்டத்தை எட்டிப் பிடித்து, எல்லாம் சுகமா, எதன் காலிலாவது கண்ணி சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொல்வார்கள். சுற்றுலா வந்தவர்களின் நடை அவர்கள் சொன்ன திசையில்தான் தொடங்குகிறது.

கொரில்லா பிழைத்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சில பெரிய பெயர்களோடு முடித்துவிடுகிறார்கள். ஒரு பெல்ஜிய அரசர், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிற்பி, ஒரு பெண் ஆய்வாளர், ஒரு ஹாலிவுட் படம். பிற்பாடு சுற்றுலாவும் அந்த வரிசையில் சேர்ந்தது. டாலர் வந்தது, கொரில்லா தப்பித்தது என்கிறார்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த நூற்றிருபது ஆண்டுக் கதையை நிதானமாகப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பெரிய பெயர்கள் இல்லாத காலத்திலும், டாலர் அடியோடு நின்றுபோன காலத்திலும் இந்த விலங்கு எப்படித் தப்பியது? பதிலுக்காக நான் திரும்பத் திரும்ப அந்த அதிகாலை ஆட்களிடம்தான் வந்து நிற்கிறேன்.

மலைக் கொரில்லா வாழ்வது இரண்டே இடங்களில். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள ப்விண்டிக் காடு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வயலும் வீடும் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு காட்டின் கொரில்லா இன்னொரு காட்டுக்குப் போக வழியில்லை. விருங்காவில் 2015-16இல் எண்ணியபோது 604, ப்விண்டியில் 2018இல் எண்ணியபோது 459, ஆகமொத்தம் 1,063. இந்த இனத்தை எந்த ஊர் மிருகக்காட்சிசாலையிலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் மலை ஏறித்தான் ஆகவேண்டும்.

வெளியுலகத்திலிருந்து முதலில் ஏறியவர்கள் துப்பாக்கியோடு ஏறினார்கள். 1902 அக்டோபர் 17. அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் படை அதிகாரி ராபர்ட் ஃபான் பெரிங்கே, பல்வரிசைபோல் சிகரங்கள் நிற்கும் சபின்யோ மலையில் பெரிய கருங்குரங்குகளைக் கண்டு இரண்டைச் சுட்டார். இரண்டும் பள்ளத்தில் விழுந்தன. ஒன்றை மட்டும் கயிறு கட்டி மேலே இழுத்து பெர்லின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கே விலங்கியலாளர் பால் மட்ஷி அதைப் புதிய இனமென்று முடிவுசெய்து, சுட்டவரின் பெயரையே அதற்கு வைத்தார். இன்றும் அறிவியல் ஏடுகளில் மலைக் கொரில்லாவுக்குப் பெயர் கொரில்லா பெரிங்கெய் பெரிங்கெய். ஐரோப்பா இந்த விலங்கை அறிந்துகொண்டது அன்றைக்குத்தான். காட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பட்வா மக்களுக்கோ அது எங்கே படுக்கும், எதைத் தின்னும், எப்போது சினக்கும் என்பதெல்லாம் அத்துபடி. பிறகு வந்த வேட்டைக்காரர்களும் விஞ்ஞானிகளும் அவர்களுடைய அறிவைத் துணைகொண்டுதான் அந்தச் சரிவுகளில் நடந்தார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அருங்காட்சியகங்களுக்காகவும் வேட்டைப் பெருமைக்காகவும் ஐம்பதுக்கு மேற்பட்ட கொரில்லாக்கள் விருங்காவில் கொல்லப்பட்டன அல்லது பிடிக்கப்பட்டன. சுவீடன் இளவரசர் வில்லியம் தன் 1921ஆம் ஆண்டுப் பயணத்தில் மட்டும் 14 கொரில்லாக்களைச் சுட்டார். மொத்தமே சில நூறு இருக்கும் இனத்தில், நான்கு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கில், பதினான்கு என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 1921இல் கார்ல் ஏக்லி வந்தார். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைப் பாடம் செய்வதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகரில்லை. சிற்பி. தானே வடிவமைத்த ஒரு சினிமா கேமராவையும் கொண்டுவந்திருந்தார். அருங்காட்சியகக் காட்சிக்காக ஐந்து கொரில்லாக்கள் கொல்லப்பட்டன. உயிருள்ள கொரில்லாவை அதன் காட்டிலேயே முதன்முதலாகப் படம் பிடித்தவரும் அவர்தான். அந்தப் பயணம் அவரை மாற்றிவிட்டது. ஊர் திரும்பியதும் அப்போது காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தின் அரசர் ஆல்பர்ட்டிடம் இந்த மலைகளைக் காப்பாற்றும்படி விடாமல் வலியுறுத்தினார். 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா பிறந்தது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். மறு ஆண்டே மீண்டும் மலைக்கு வந்த ஏக்லி, மிக்கேனோ சரிவில் நோயில் விழுந்து இறந்தார். கபாரா என்ற புல்வெளியில் அவரைப் புதைத்தார்கள். ஏக்லியின் மனமாற்றத்தை நான் மதிக்கிறேன். அதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பூங்காவின் எல்லைக்கோட்டைப் பிரஸ்ஸல்ஸின் அதிகாரம் வரைந்தது. அங்கே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டு வரையவில்லை. இன்றுவரை நீளும் பல வழக்குகளின் வேர் அங்கே இருக்கிறது.

கொரில்லாவைப் பார்ப்பதற்காகவே காசு கொடுத்து ஏறும் வழக்கம் 1950களில் உகாண்டாப் பக்கத்தில் தொடங்கியது. கிசோரோ ஊரில் வால்டர் பாம்கார்டல் என்ற ஜெர்மானியர் டிராவலர்ஸ் ரெஸ்ட் என்னும் சிறிய விடுதியை நடத்தினார். வந்த விருந்தினர்களை முகாவுரா, சபின்யோ சரிவுகளுக்கு அனுப்பிவைத்தார். அவர்களைக் கூட்டிப்போன வழிகாட்டி ரூபன் ருவான்சாகிரே. நாள் முழுக்க நடந்தும் பலர் கொரில்லாவின் முதுகைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருப்பார்கள். மனிதரைக் கண்டதும் அவை விலகி ஓடின. இன்று ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறதென்றால், அந்தப் பழக்கம் தானாக வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1959இல் ஜார்ஜ் ஷாலர் என்ற இளைஞர் ஏக்லி புதைந்த அதே கபாராவில் தங்கினார். துப்பாக்கி எடுத்துப்போவதில்லை, ஒளிந்து பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தார். தன்னைக் கொரில்லாக்கள் பார்க்கும்படி மெல்ல நடந்துபோய் அமைதியாக உட்கார்ந்தார். நாள்கள் போகப்போக அவை அவரைப் பொறுத்துக்கொண்டன. விருங்காவில் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். ‘கிங் காங்’ படம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்திருந்த ராட்சசன், காட்டுச் செலரித் தண்டையும் முள்செடியையும் மூங்கில் குருத்தையும் மென்றுகொண்டிருக்கும் குடும்பஸ்தன் என்று அவர் எழுதிய பிறகே பலருக்குத் தெரிந்தது.

1967 ஜனவரியில் ஆய்வாளர் டயான் ஃபாஸி வந்து இறங்கியதும் கபாராவில்தான். தடம் பார்க்கும் கலையை அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சன்வேக்வே என்ற காங்கோக்காரர். ஃபாஸியே அதை நன்றியோடு எழுதியிருக்கிறார். ஆறு மாதத்தில் காங்கோவின் உள்நாட்டுக் குழப்பம் ஃபாஸியை விரட்டியது. அவர் எல்லையைத் தாண்டி ருவாண்டாப் பக்கம் வந்து, செப்டம்பர் 24 அன்று கரிசிம்பி, பிசோக்கே என்ற இரு மலைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தார். இரண்டு பெயர்களையும் ஒட்டிக் கரிசோக்கே என்று அந்த முகாமுக்குப் பெயர் வைத்தார். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள். அவர் ஒவ்வொரு கொரில்லாவையும் மூக்கு மடிப்பை வைத்து அடையாளம் கண்டு பெயரிட்டார். டிஜிட் என்று அவர் அழைத்த ஆண் கொரில்லாவை 1977இன் கடைசி நாளன்று கள்ளவேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்தி, தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சாவு உலகச் செய்தியானது. 1985 டிசம்பர் 26 இரவு ஃபாஸி தன் குடிலில் வெட்டிக் கொல்லப்பட்டார். டிஜிட்டுக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

அவர் இல்லையென்றால் இந்த இனம் போயிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கண்ணிகளைத் தேடித் தேடி அறுக்கும் வேலையை அன்றாட வழக்கமாக ஆக்கியது அவர்தான், அது உண்மை. அதே அவர், பிடிபட்ட வேட்டைக்காரர்களை நடத்திய விதத்தில் கொடுமை இருந்தது. மாடு மேய்க்க வந்த ஏழைகளை எதிரிகளாகவே பார்த்தார். சுற்றுலாவை அடியோடு வெறுத்தார். ஆனால் 1960களின் இறுதியில் கொரில்லாவுக்கு விழுந்த பெரிய அடி ஈட்டியால் விழுந்ததல்ல. ஐரோப்பியப் பண உதவியோடு வந்த ஒரு வேளாண் திட்டத்துக்காக, பூச்சிக்கொல்லி தயாரிக்க உதவும் பைரித்ரம் பூச்செடி பயிரிட, ருவாண்டாப் பூங்காவில் சுமார் 10,000 ஹெக்டேர் வெட்டி எடுக்கப்பட்டது. பூங்காவில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. 1980களின் தொடக்கத்தில் எண்ணியபோது விருங்காவில் மிஞ்சியவை 250ஐ ஒட்டித்தான்.

அப்படி எண்ணுவதற்குச் சற்று முன்பே, மிச்சமிருந்த காட்டிலும் 5,000 ஹெக்டேரை மாட்டுப் பண்ணைக்கு எடுக்க அரசு யோசித்தது. பசித்த நாடு அப்படித்தான் யோசிக்கும். அதற்காக அந்த அரசைத் திட்டுவதில் பயனில்லை. கரிசோக்கேயில் ஆய்வுக்கு வந்திருந்த பில் வெபர், ஏமி வெட்டர் தம்பதி வேறு கணக்கொன்றை முன்வைத்தார்கள். சில கூட்டங்களை மனிதருக்குப் பழக்கி, சிறு அணிகளாக ஆட்களைக் கூட்டிப்போய்க் கட்டணம் வாங்கினால் மாட்டுப் பண்ணையைவிட அதிகம் வரும் என்றார்கள். 1979இல் மலைக் கொரில்லாத் திட்டம் தொடங்கியது. 1980களின் முடிவில் காப்பி, தேயிலைக்கு அடுத்தபடி ருவாண்டாவுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது கொரில்லா என்ற நிலை வந்தது. விருங்காவின் எண்ணிக்கை 1989இல் 324 ஆயிற்று.

பழக்குவது என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஒரு கூட்டத்தைப் பழக்க இரண்டு ஆண்டு பிடிக்கும், சிலவேளை அதற்கு மேலும். தினமும் அதே ஆட்கள் போகவேண்டும். முதலில் வெள்ளிமுதுகு ஆண் மார்பில் அறைந்துகொண்டு பாய்ந்து வரும். முதிர்ந்த ஆணின் முதுகில் ரோமம் நரைத்து வெள்ளியாக மின்னுவதால் அந்தப் பெயர். அது பாயும்போது ஓடக்கூடாது. குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, செடியைப் பிய்த்து மெல்வதுபோல் பாவனை செய்து, தொண்டைக்குள்ளிருந்து கனைக்கும் ஒரு மெல்லிய ஒலியால் நான் தீங்கு செய்ய வரவில்லை என்று சொல்லவேண்டும். மழையிலும் சேற்றிலும் செந்தட்டி அரிப்பிலும் நாள் தவறாமல் இதைச் செய்தவர்கள் உள்ளூர்த் தடம் பார்ப்பவர்கள். அவர்களில் சிலர் முன்பு கண்ணி வைத்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் குறைவு. பெரும்பாலானவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் வரவில்லை.

பிறகு போர் வந்தது. 1990 அக்டோபரில் உகாண்டா எல்லை வழியாக ருவாண்டாவுக்குள் நுழைந்த கிளர்ச்சிப் படை, பின்வாங்கிய பிறகு இந்த எரிமலைகளில்தான் தங்கி வளர்ந்தது. சுற்றுலாவுக்குப் பழக்கப்பட்ட மிரித்தி என்ற வெள்ளிமுதுகு 1992இல் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது. 1994 ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலையில் சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அத்தனை மனித உயிர்கள் போன இடத்தில் கொரில்லாவின் கதையைப் பேசுவது சரியா என்று எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்லவேண்டும். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் காங்கோப் பக்கத்துப் பூங்காவின் ஓரத்தில் முகாம்களில் அடைபட்டார்கள். உலை எரிக்க விறகு வேண்டும், காடு மொட்டையாயிற்று. கரிசோக்கே முகாம் சூறையாடப்பட்டது. சரிவுகளில் கண்ணிவெடி. பார்வையாளர் வருகை பெரும்பாலும் நின்றது. 1999 மார்ச் 1 அன்று ப்விண்டியின் புகோமாவில் ருவாண்டாவிலிருந்து தப்பியோடிய ஆயுதக் குழு புகுந்து, சுற்றுலா வந்த எட்டு வெளிநாட்டவரையும் உகாண்டாப் பூங்கா அதிகாரி ஒருவரையும் கொன்றது. கொரில்லாச் சுற்றுலா இனி இல்லை என்றே பலர் எழுதினார்கள்.

2003இல் விருங்காவில் மறுபடி எண்ணினார்கள். 324 இருந்த இடத்தில் 380.

இந்த ஒரு கணக்கில்தான் நான் நின்றுவிடுகிறேன். பத்தாண்டுக்கு மேல் நீண்ட போர். டாலர் பெரும்பாலும் நின்றுபோயிற்று. வெளிநாட்டு ஆய்வாளர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். எண்ணிக்கை கூடியிருக்கிறது. படைகளின் கையில் இறந்தவையாகத் தெரியவந்தவை பதினைந்தை ஒட்டித்தான். எப்படி? குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களும் அகதியாக ஓடித் திரும்பியவர்களுமான தடம் பார்ப்பவர்களும் வனக்காவலர்களும், பாதை சற்றுத் திறந்தபோதெல்லாம் மலைக்குப் போய்க் கூட்டங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், கண்ணிகளை அறுத்தார்கள். சம்பளம் வருமா என்று தெரியாமலே பல மாதங்கள் அப்படிப் போனார்கள். எந்தச் சுற்றுலாச் சிற்றேட்டிலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் கணக்கும் தந்தது. 1967 முதல் 2008 வரையான விருங்காவின் பதிவுகளை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தினமும் ஆள் போய்ப் பார்த்துவரும் பழகிய கூட்டங்கள் ஒருபுறம், காவல் ரோந்து மட்டும் உள்ள பழகாத கூட்டங்கள் மறுபுறம். பழகியவை ஆண்டுக்கு சுமார் 4 சதவீதம் பெருகியிருந்தன. பழகாதவை மெல்லக் குறைந்துகொண்டிருந்தன. பூங்கா ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். வித்தியாசம், நாள் தவறாமல் பக்கத்தில் போய் நின்ற மனிதர்கள். அவர்கள் கண்டு சொல்வதால்தான் 1986இல் தொடங்கிய கால்நடை மருத்துவர் குழுவால் கண்ணியில் மாட்டிய காலை அறுத்தெடுக்கவும் மூச்சுத்திணறும் குட்டிக்கு மருந்து கொடுக்கவும் முடிகிறது. 2018 நவம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைக் கொரில்லாவை மிக மோசமான அபாயப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியது. மனிதருக்கு மிக நெருங்கிய பெருங்குரங்குகளில் எண்ணிக்கை உயர்ந்துவருவது இது ஒன்றுதான்.

காங்கோப் பக்கத்தில் இதற்குக் கொடுத்த விலை உயிர். 2007 ஜூலையில் ருகெண்டோ கூட்டத்தின் தலைவன் சென்க்வேக்வேயையும் அந்தக் கூட்டத்துப் பெண் கொரில்லாக்களையும் சுட்டுப்போட்டார்கள். இறைச்சிக்காகவோ வேட்டைப் பெருமைக்காகவோ அல்ல. கரி எரிக்கும் கள்ள வியாபாரத்துக்குக் காவலர்கள் குறுக்கே நின்றதற்காகக் காட்டிய எச்சரிக்கை அது என்பது பிற்பாடு வெளிவந்தது. கிளைகளால் பல்லக்குக் கட்டி அந்தப் பெரிய உடலைக் கிராமத்தார் தோளில் சுமந்து வந்த படத்தைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. அந்த ஆண்டே தாயைச் சுட்டுக் கொன்ற இடத்தில் கண்டெடுத்த இரண்டு மாதப் பெண் குட்டி நிடகாசியைக் காவலர் ஒருவர் மார்போடு அணைத்து வளர்த்தார். 2021இல் அது தன் பதினான்காம் வயதில் அவர் மடியிலேயே இறந்தது. காங்கோவின் விருங்காப் பூங்காவில் இதுவரை 200க்கு மேற்பட்ட காவலர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 காவலர்கள். 2021 ஜனவரியில் இன்னும் ஆறு பேர். கொரில்லாக்கள் வாழும் பகுதி பிறகு எம்23 கிளர்ச்சிப் படையின் பிடிக்குள் போனது.

அதே 2020இல் கொரோனா வந்து மூன்று நாட்டிலும் பூங்காக்கள் மூடின. ப்விண்டியின் ஓரக் கிராமங்களில் பர்மிட் வருமானம், சுமைகூலி, விடுதி வேலை, கைவினைப் பொருள் விற்பனை எல்லாம் ஒரே வாரத்தில் நின்றன. ஜூன் மாதம், ந்குரிங்கோ கூட்டத்தின் வெள்ளிமுதுகு ரஃபிகி ஈட்டிக் காயத்தோடு இறந்து கிடந்தது. சிறு விலங்குகளைப் பிடிக்கப் போனவன், அது பாய்ந்ததால் குத்தினேன் என்றான். அவனுக்கு 11 ஆண்டுச் சிறை கிடைத்தது. சட்டப்படி தண்டனை சரியே. ஆனால் காட்டின் ஓரத்து வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் என்ன நடக்கும் என்று அந்த ஒரு சாவு சொல்லிவிட்டது. பார்வையாளர் வரும்வரைதான் பாதுகாப்பு என்று கட்டிய ஏற்பாடு, பார்வையாளர் வராத முதல் பருவத்திலேயே ஆட்டம் காணும்.

இப்போது பட்வா மக்களிடம் வரவேண்டும். இந்த வரலாற்றில் அவர்களை முதலில் சொன்னேன். கணக்குப் பார்க்கும் இடத்தில் அவர்கள் கடைசியில்கூட இல்லை. 1991இல் ப்விண்டியும், விருங்காவின் உகாண்டாப் பகுதியான முகாகிங்காவும் தேசியப் பூங்காக்களானபோது அவர்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பட்டா என்று ஒன்று அவர்களிடம் இருந்ததில்லை. அதனால் இழப்பீடும் இல்லை. பயிர்நிலம் வைத்திருந்த மற்றவர்களுக்குக் கிடைத்த அளவுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தேனும் கிழங்கும் மருந்தும் தந்த காட்டின் விளிம்பில், அடுத்தவர் நிலத்தில் கூலிகளாக அவர்கள் தங்கிப்போனார்கள். முகாகிங்காவில் இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டு வாழ்க்கையை நடித்துக் காட்ட அவர்களுக்கு அனுமதி உண்டு. பாட்டன் தீ மூட்டிய குகைக்குள் போய்ப் பாட்டுப் பாடி, கூலி வாங்கிக்கொண்டு, மாலையில் வெளியே வந்துவிடவேண்டும். 2021இல் உகாண்டாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்களுக்கு அநீதி நடந்தது என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.  முதலில் கொரில்லாவைச் சுட்ட ஐரோப்பியரின் பெயர் விலங்கியல் ஏட்டில் இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களோ பட்வா.

பர்மிட் கட்டணம் பற்றி ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. ருவாண்டா 2017 மே மாதம் 750 டாலரை ஒரே நாளில் 1,500 ஆக்கியது. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு. உகாண்டாவில் 800 டாலர். பணக்காரருக்கு மட்டுமா கொரில்லா என்று கேட்பவர்களின் ஆதங்கம் புரிகிறது. எனக்கும் அந்தத் தொகை எட்டாதது. என்றாலும் கட்டணம் அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த ஆட்கள், நிறைந்த வருமானம் என்பது அந்த விலங்குக்கு நல்லது. நான் குறை காண்பது பங்கீட்டில். ருவாண்டா 2005இல் பூங்கா வருமானத்தில் 5 சதவீதத்தைச் சுற்றுக் கிராமங்களுக்கு ஒதுக்கத் தொடங்கி, 2017இல் 10 சதவீதமாக்கியது. உகாண்டாவில் நெடுங்காலம் இருந்த ஏற்பாடு, நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதமும் கொரில்லா பர்மிட் ஒன்றுக்குச் சில டாலரும். அந்தப் பணத்தில் பள்ளியும் தண்ணீர்த் தொட்டியும் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போன உருளைக்கிழங்கு வயலும், கொரில்லா பிடுங்கித் தின்ற வாழைத் தோப்பும் இன்ன குடும்பத்துடையவை. இழப்பு ஒரு வீட்டுக்கு, ஈடு ஊர்ப் பொதுவுக்கு என்றால் அந்த வீடு காட்டை எப்படி நேசிக்கும்?

இனி வரும் நெருக்கடி நிலம்தான். எண்ணிக்கை பெருகியதால் விருங்காவின் சில பகுதிகளில் கூட்டங்கள் அடிக்கடி எதிரெதிரே முட்டிக்கொள்கின்றன. சண்டையில் குட்டிகள் சாகின்றன. பெருகும் வேகம் குறைந்துவிட்டது என்று கரிசோக்கேயின் ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ருவாண்டா தன் பூங்காவை ஏறத்தாழ 23 சதவீதம் விரிக்கத் திட்டமிட்டு, ஓரத்துக் குடும்பங்களைப் புதிய வீடுகளுக்கு மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறது. அரைநூற்றாண்டுக்கு முன் பைரித்ரத்துக்காக எடுத்ததில் ஒரு பகுதி திரும்புகிறது என்ற அளவில் எனக்கு மகிழ்ச்சி. ப்விண்டியில் 1991இல் நடந்தது இங்கே நடக்கக்கூடாது. நிலத்தை விட்டுப் போகிறவருக்கு வீடு மட்டும் போதாது. உழுது வாழ்ந்தவருக்கு உழ நிலமோ, பூங்காவின் வருமானத்தில் எழுதிக்கொடுத்த பங்கோ வேண்டும்.

பர்மிட்டின் முதல் பங்கு தடம் பார்ப்பவருக்கும் காவலருக்கும் போகவேண்டும். பார்வையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் சம்பளம் நிற்காதபடி ஒரு நிரந்தர நிதி வேண்டும். இறந்த காவலரின் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை அந்த நிதி அவர்களைத் தாங்கவேண்டும். இரண்டாவது பங்கு, இழப்பு ஏற்பட்ட வீட்டுக்கே நேரே போகவேண்டும். பட்வா மக்களுக்குக் கொடுப்பதைத் தருமம் என்று எழுதாமல் பாக்கி என்று எழுதவேண்டும்.

நம்மில் சிலர் வாழ்நாள் சேமிப்பை வைத்து அந்த மலைக்குப் போகக்கூடும். போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2009இல் ருவாண்டாவின் ஹிர்வா கூட்டத்தில் மனிதரிடமிருந்து தொற்றிய சுவாச வைரஸ் ஒரு பெண் கொரில்லாவையும் ஒரு குட்டியையும் கொன்றது. நமக்கு வெறும் சளி, அவற்றுக்கு அது சாவு. ஏழு மீட்டருக்குள் போகக்கூடாது என்றிருந்த விதியை ப்விண்டியில் ஆய்வாளர்கள் கவனித்தபோது, அநேகமாக எல்லா அணிகளுமே அதை மீறின. இப்போது பத்து மீட்டர், முகக்கவசம் கட்டாயம். படம் நன்றாக வரவேண்டும் என்று இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கூட்டிப்போகும்படி வழிகாட்டியிடம் கெஞ்சாதீர்கள், அதற்காக அவர் கையில் பணம் திணிக்காதீர்கள். உங்கள் பையை நீங்களே சுமக்க முடிந்தாலும் உள்ளூரில் சுமை தூக்குபவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும், அன்று அதிகாலையில் உங்களுக்கு முன்னால் போனவர்கள் யார் என்று கேட்டு, அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் கட்டிய பணம் போனாலும் போகட்டும், மலை ஏறாதீர்கள்.